எனக்கு ஆட்சேபணை இல்லை

முதல் பிரதிவாதி கூண்டில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் நான் கேட்கவேண்டிய பதினேழாவது கேள்வி கையிலிருந்த தாளில் இருந்தது. என் கையெழுத்துதான். என்னால் அதை வாசிக்க முடியவில்லை.

2024 ஆகஸ்ட். கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறையில் வாவுபலிப் பொருட்காட்சி முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வழக்கு, எங்கள் விளவங்கோடு பகுதியில் யாருக்கும் புதிதல்லாத பாகப்பிரிவினை. கூண்டில் நின்றவருக்கு எண்பது வயது நெருங்கியிருக்கும். வாழ்நாள் முழுக்க ரப்பர் விளையில், அதாவது தோட்டத்தில், உழைத்தவர். அவருடைய இரண்டு தங்கைகளுக்காக நான் ஆஜராகியிருந்தேன். அப்பா வாங்கிய விளையில் தங்கைகளுக்கும் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி. அடிப்படை ஆவணம் கொல்லம் ஆண்டு 1119இல் மலையாளத்தில் எழுதப்பட்ட பத்திரம். இன்றைய கணக்கில் 1943 அல்லது 1944. அந்த எழுத்தைச் சிறுவயதில் என் பாட்டா மடியில் உட்கார்ந்து படித்தவள் நான். எங்கள் நீதிமன்றத்தில் பழைய திருவிதாங்கூர் ஆவணம் எது வந்தாலும் இளையவர்கள் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அன்று காலை பதினொன்றரை மணிக்கு அந்த எழுத்து வெறும் கோடுகளாகத் தெரிந்தது. தமிழில் எழுதிவைத்திருந்த கேள்வியும் அப்படியே. கை நடுங்கவில்லை, கண் இருட்டவில்லை. சொல்லுக்கும் எனக்கும் நடுவே யாரோ கதவைச் சாத்தியதுபோல இருந்தது.

நீதிபதி தலை நிமிர்ந்து பார்த்தார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் விரலை நிறுத்தினார். பத்து நொடியோ இருபது நொடியோ இருக்கும். பின்பெஞ்சில் என் கட்சிக்காரர்களான இரண்டு தங்கைகளும் உட்கார்ந்திருந்தார்கள் என்பது மட்டும் முதுகில் தெரிந்தது.

அப்போது எதிர்த்தரப்பு மூத்த வக்கீல் எழுந்தார். "சாட்சிக்கு வயதாகிவிட்டது. காலையிலிருந்து நிற்கிறார், களைத்துவிட்டார். மீதிக் குறுக்கு விசாரணையை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். நீதிபதி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். வாய்தா கிடைத்தது.

அந்த நாளுக்கு முன்னால் எத்தனை மாதம் இது வந்துகொண்டிருந்தது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். ஏதோ ஒரு வழக்குக் கட்டில் மேல்முறையீட்டுக் காலவரை முடிந்துவிட்டது என்ற பயத்தோடுதான் விழிப்பேன். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து கட்டைப் பிரித்துத் தேதியைப் பார்ப்பேன். நாள் இருக்கும். மறுபடி படுப்பேன். அடுத்த கட்டு நினைவுக்கு வரும். காலவரை என்பது எங்கள் தொழிலில் மன்னிப்புக் குறைவான சொல். ஒருநாள் தவறினால் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப்போட வேண்டும். அது தள்ளுபடியானால் ஒரு குடும்பத்தின் நிலம் என் மறதியால் போய்விடும். அந்தப் பயம் நியாயமானது என்பதால்தான் அது நோயாக மாறியபோது எனக்குத் தெரியவில்லை. பொறுப்புள்ள வக்கீல் இப்படித்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை என்று வெளியில் இருப்பவர்கள் பார்ப்பது நீதிமன்றத்தில் நிற்கும் நேரத்தை. காலை பத்தரை மணிக்குப் பட்டியல் அழைக்கும்போது சிவில் நீதிமன்றத்தில் நான்கு, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மூன்று, சார்பு நீதிமன்றத்தில் ஒரு விசாரணை என்று ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் நான் இருக்கவேண்டும். ஓர் இடத்தில் இல்லையென்றால் அங்கே வழக்கு தள்ளுபடியாகலாம், அல்லது ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகலாம். நீதிபதியின் மேலும் கோபப்பட முடியாது. மாதத்துக்கு இத்தனை வழக்கு முடிக்கவேண்டும் என்ற கணக்கு அவர் தலைக்கு மேல் இருக்கிறது. நாடு முழுவதும் கீழமை நீதிமன்றங்களில் தேங்கியிருப்பவை 4 கோடிக்கு மேல். உண்மையான வேலை மாலை ஆறு மணிக்குக் கட்சிக்காரர்கள் வந்து உட்காரும்போதுதான் தொடங்கும். வாதுரை, எதிர்வாதுரை, கேள்வித் தாள் எல்லாம் இரவு ஒன்பதுக்கு மேல்.

அந்த 2024 ஜூலை 1ஆம் தேதி புதிய குற்றவியல் சட்டங்களும் வந்து சேர்ந்தன. கொலைக்கு 302ஆம் பிரிவு என்பது 103 ஆனது. முன்ஜாமீன் 438இல் இருந்து 482க்குப் போனது. அந்தப் பழைய 482 உயர்நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைச் சொல்லும் பிரிவு. அது இப்போது 528. பழைய குற்றத்துக்குப் பழைய சட்டமே என்பதால் பழையதை மறக்கவும் முடியாது. இருபது ஆண்டு நாவில் ஊறிய எண்களை நாற்பத்தைந்து வயதில் பிடுங்கி நடுவது உடலுக்கே வலித்தது. என்னைவிட மூத்த ஒருவர் மேசையில் இரண்டு புத்தகத்தையும் அடுக்கி வைத்துக்கொண்டு, விரலால் எண்ணை ஒப்பிட்டபடி அசையாமல் உட்கார்ந்திருந்ததை வழக்கறிஞர் சங்க அறையில் பார்த்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எல்லைப் பகுதி வாழ்க்கை இதற்கு மேல் இன்னொரு சுமையைச் சேர்க்கிறது. எங்கள் ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். வழக்கின் நிலையைக் கைபேசியில் பார்க்கும் வசதி வந்தபிறகு, நான் நீதிமன்றப் படி இறங்குவதற்கு முன்பே குவைத்திலிருந்து அழைப்பு வந்துவிடும்: "வக்கீலம்மா, மறுபடியும் தள்ளிவைத்துவிட்டார்களே, ஏன்?" அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே வெள்ளி காலை, நான் கூண்டுக்கு முன்னால் நிற்கும் நேரத்தில், ஐந்து பேர் அழைப்பார்கள். மற்ற நாட்களில் அவர்கள் வேலை முடிந்து அறைக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டு அழைக்கும்போது எனக்கு இரவு பதினொன்று தாண்டியிருக்கும். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. வெயிலில் வேலை செய்து அனுப்பிய பணத்தில் வாங்கிய பத்து சென்ட் புரையிடத்தில் பக்கத்து வீட்டான் சுவர் எழுப்பினால் தூக்கம் வருமா? அவருக்குத் தூக்கம் வருவதற்காக நான் விழித்திருந்தேன். இது என் தொழில் என்று நம்பினேன்.

சில கட்டுகளைப் பூட்டி வைக்க முடிவதில்லை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று எங்கள் கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. சில நாட்கள் கழித்து ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். கணவரின் உடல் கிடைக்கவில்லை. இறந்தார் என்று யார் சான்று தருவார்கள் என்று கேட்டார். ஏழு ஆண்டு ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும் என்று நான் விளக்கினேன். சட்டப்படி சரியான பதில். அவர் "ஏழு வருஷமா" என்று மட்டும் கேட்டுவிட்டு, இடுப்பிலிருந்த குழந்தையின் வாயைத் துடைத்தார். பின்னால் அரசு அந்தக் குடும்பங்களை ஏழு ஆண்டு காத்திருக்க வைக்காமல் இழப்பீடு வழங்கியது, அவருக்கும் கிடைத்தது. ஆனால் அந்த "ஏழு வருஷமா" எனக்குள்ளேயே இருந்துவிட்டது. மருத்துவர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் இப்படித் தங்கிவிடும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். வக்கீலுக்கும் தங்கும் என்று யாரும் எண்ணுவதில்லை, வக்கீல்கள் உட்பட.

வேலைப்பளுவைவிடவும் என்னைத் தேய்த்தது வேறொன்று. சிறிய ஊரில் வக்கீலாக இருப்பவருக்கு உறவு என்று மிச்சமிருப்பது மிகக் குறைவு.

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களுக்கு 1916இல் ஒரு வாரிசுரிமைச் சட்டம் போட்டார்கள். மகளுக்கு, மகனின் பங்கில் கால் பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய். இரண்டில் எது குறைவோ அது. 1956 நவம்பர் 1ஆம் தேதி நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்தச் சட்டத்தின் நிழல் எங்கள் வீடுகளில் கிடந்தது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் முதலே அது செல்லாது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்த்தது. மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. நான் வக்கீலானதற்கே அந்தத் தீர்ப்பு ஒரு காரணம். என் அப்பாவின் தங்கை, நான் மாமி என்று கூப்பிடுபவர், பங்கு கேட்டு வந்தபோது நான் தயங்காமல் சித்தப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்பினேன். இன்று கேட்டாலும் அனுப்புவேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சித்தப்பா வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து வரவில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை. மாமிக்கு நிலம் கிடைத்தது. நிலம் கிடைத்தபிறகு மாமியும் என்னைப் பார்க்க வருவதில்லை. என் முகம் அவருக்குத் தன் அண்ணனை இழந்ததை நினைவூட்டுகிறது என்று நினைக்கிறேன். இது ஒரு குடும்பம். இருபது ஆண்டில் எத்தனை குடும்பம்! ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், ஆலயப் படியில் ஒருவர் "ஒரு சின்ன சந்தேகம் வக்கீலம்மா" என்று நிற்பார். இன்னொருவர் என்னைக் கண்டு வேறு வாசல் வழியாகப் போவார். ஒருவர் எதிர்காலக் கட்சிக்காரர், மற்றவர் கடந்தகால எதிர்த்தரப்பு. வெறுமனே "சாப்பிட்டாயா" என்று கேட்க ஆள் இல்லை.

வீட்டில் பேசலாமே என்பார்கள். என் கணவர் நல்லவர். இன்று என்ன நடந்தது என்று தினமும் கேட்பவர். ஆனால் கட்சிக்காரர் சொன்னதை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் உயிர். சாட்சியச் சட்டத்தில் அது 126ஆம் பிரிவாக இருந்தது, இப்போது 132. நான் அதைத் தவறாகப் பெரிதாக்கிக்கொண்டேன். கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கும் கடமையை என் சொந்தக் கலக்கத்தையும் மறைக்கும் கடமையாக்கிக்கொண்டேன். "ஒன்றுமில்லை" என்பதே பத்தாண்டுப் பதிலாக இருந்தது. ஒரு கட்டத்தில் அவர் கேட்பதை நிறுத்தினார். என் மைனிதான் ஒருநாள், மரச்சீனிக்கிழங்கு உரித்துக்கொண்டே, "நீ வீட்டுக்கு வந்தும் கோட்டைக் கழற்றுவதில்லையே" என்றாள். கோட்டு ஆணியில்தான் தொங்கியது. அவள் சொன்னது எனக்குப் புரிந்தது.

என் ஜூனியர் பெண் 2024 ஜூன் மாதம் வேலையை விட்டுப் போனாள். அதே மாதம்தான் சென்னை உயர்நீதிமன்றம், ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரவேண்டும் என்று பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நான் அவளுக்கு மாதம் 6,000 கொடுத்துக்கொண்டிருந்தேன். என் சீனியர் எனக்கு அதுகூடத் தரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். அவள் போகும்போது, "அக்கா, பணத்துக்காக இல்லை. உங்களைப் பார்க்கும்போது பதினைந்து வருஷம் கழித்து நான் இப்படித்தான் இருப்பேனோ என்று பயமாக இருக்கிறது" என்றாள். பணத்துக்காகவும்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டாவது காரணத்தையும் அவள் மனதாரச் சொன்னாள்.

2016இல் அமெரிக்காவில் பணியிலிருக்கும் 12,800க்கும் மேற்பட்ட வக்கீல்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஐந்தில் ஒருவர் சிக்கலான அளவில் குடிப்பவர். 28 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள். அந்த நாடு வேறு, நீதிமன்றம் வேறு, சம்பளம் வேறு. ஆனாலும் அந்த எண்ணிக்கையைப் படித்தபோது எங்கள் சங்க அறையின் நாற்காலிகள் ஒவ்வொன்றாக என் நினைவுக்கு வந்தன. மாலை ஆறு மணிக்கு மேல் வாசம் இல்லாமல் பேச முடியாதவர் ஒருவர். மூன்று ஆண்டாக யாருடனும் மதியச் சாப்பாடு சாப்பிடாமல் காரில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர். இவர்களைப் பற்றி நாங்கள் பேசியிருக்கிறோம். இவர்களிடம் பேசியதில்லை.

வக்காலத்தில் நல நிதி முத்திரை ஒட்டுகிறோம். நாங்கள் இறந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு வரும் என்பது சங்க அறையில் எல்லோருக்கும் தெரியும். தொகையை உயர்த்தக் கோரித் தீர்மானம் போடுகிறோம், பணிப் புறக்கணிப்பும் செய்திருக்கிறோம். தூக்கம் வராவிட்டால் எங்கே போவது என்று ஒருவருக்கும் தெரியாது. என்னை இது மிகவும் கோபப்படுத்துகிறது.

வாய்தா வாங்கிய அன்று மாலை அந்த மூத்த வக்கீலின் அலுவலகத்துக்குப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன், உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன். அவர் குமாஸ்தாவைச் சாயா வாங்கிவர அனுப்பினார். கதவைச் சாத்தவில்லை, அறிவுரை சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து, "ஒரு வருஷம் நான் மூன்று மாதம் நீதிமன்றத்துக்கு வரவில்லை, நினைவிருக்கிறதா? இதயத்தில் அடைப்பு என்று எல்லோரும் பார்க்க வந்தீர்கள்" என்றார். எனக்கு நினைவிருந்தது. நேந்திரன் பழக்குலையோடு நானும் போயிருந்தேன்.

"அடைப்பு எதுவும் இல்லை அம்மா. மனம்தான். அடைப்பு என்றால் கட்சிக்காரர்கள் திரும்பி வருவார்கள். மனம் என்று சொன்னால் கட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்."

கட்டை வாங்கிக்கொண்டு போவது எங்கள் ஊரில் ஒரு வக்கீலுக்கு நேரக்கூடிய பெரிய அவமானம். மூன்று மாதம் அவர் வீட்டில் படுத்திருந்தபோது, தன் வாழ்வின் பாரத்தைவிட அந்தப் பொய்யைக் காப்பாற்றும் பாரம் அதிகமாக இருந்ததாம். அவரைப் பார்க்க வந்தவர்களில் எவரிடமாவது உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "உன்னிடம் சொல்லியிருந்தால் நீ முன்னாலேயே வந்திருப்பாய்" என்றார். அன்றுதான் அவர் என்னை முதன்முறையாக ஒருமையில் அழைத்தார்.

மார்த்தாண்டத்தில் மருத்துவரைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. காத்திருக்கும் நாற்காலியில் என் கட்சிக்காரர் யாராவது இருப்பார் என்ற பயம். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். அங்கிருந்த பெண் மருத்துவர் மலையாளத்தில் முதலில் கேட்டது, "உறக்கம் உண்டோ?" உறக்கம் என்பது எங்கள் வீட்டுச் சொல்லும்தான். பாட்டி அப்படித்தான் கேட்பாள். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

கட்சிக்காரர் ஒருவரின் பெயரும் இல்லாமல், ஒரு வழக்கின் விவரமும் இல்லாமல், என் தூக்கத்தைப் பற்றி, பயத்தைப் பற்றி, அந்த மூன்று மணி அலமாரியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேச முடிந்தது. 132ஆம் பிரிவு அப்படியே பத்திரமாக இருந்தது. பதற்றக் கோளாறு என்றார். சில மாதம் மருந்து எடுத்தேன், பேச்சுச் சிகிச்சைக்கும் போனேன். இப்போதும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். இரவு எட்டரைக்கு மேல் அலுவலக எண்ணை அணைக்கிறேன். வளைகுடாக் கட்சிக்காரர்களுக்கு என்று சனிக்கிழமை மாலை ஒரு நேரம் ஒதுக்கினேன். இரண்டு பேர் கட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் போகவில்லை.

இளையவர்கள் அறிந்திருக்கவேண்டிய இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்ச் சிகிச்சைக்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்று 21ஆம் பிரிவில் சொல்கிறது. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லும் நாங்கள், எங்கள் காப்பீட்டுத் தாளை எடுத்து ஒருமுறை வாசிக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். அதிகாலை மூன்று மணிக்கு அலமாரியைத் திறப்பதற்குப் பதில் அந்த எண்ணை அழைக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் உடல்நலம் சரியில்லை என்றால், என்ன நோய் என்று கேட்காமல் ஒரு வாய்தாவுக்கு ஆட்சேபணை சொல்வதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாய்தாவால்தான் வழக்கு தேங்குகிறது, மக்கள் துன்பப்படுகிறார்கள் என்று இளைஞர் ஒருவர் எதிர்த்துப் பேசினார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சோம்பலுக்கும் தந்திரத்துக்கும் வாங்கும் வாய்தா அந்தத் தேக்கத்தில் எவ்வளவு என்பது எங்களுக்குத் தெரியும். அதைக் குறைத்தால் இதற்கு இடம் கிடைக்கும் என்றேன். கோரிக்கை இன்னும் தீர்மானமாகவில்லை. அடுத்த கூட்டத்திலும் எழுப்புவேன்.

அந்தப் பாகப்பிரிவினை வழக்கில் ஆறு வாரம் கழித்துக் குறுக்கு விசாரணை தொடர்ந்தது. பதினேழாவது கேள்வியிலிருந்து தொடங்கினேன், நாற்பத்திரண்டில் முடித்தேன். கடுமையாகவே கேட்டேன். தங்கைகளுக்கு அது என் கடமை. பத்திரத்தைக் காட்டி, அப்பாவின் பெயரை அவர் வாயாலேயே வாசிக்க வைத்தேன். அவர் மறைக்கவில்லை.

முடிந்து வராந்தாவில் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் மெல்ல நடந்துவந்து என் அருகில் நின்றார். வழக்கைப் பற்றி எதுவும் பேசக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வழக்கைப் பற்றிப் பேச வரவில்லை.

"வக்கீலம்மா, அன்றைக்கு எனக்குக் களைப்பு ஒன்றும் இல்லை. இன்னும் இரண்டு மணி நேரம் நின்றிருப்பேன்" என்றார். "எங்கள் வக்கீல் சார் அப்படிச் சொன்னதும் கைத்தடியை இறுக்கிப் பிடித்துக் கொஞ்சம் சாய்ந்துகொண்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன் மக்களே, அதனால்தான்."

பிறகு, "இப்போது உறக்கம் வருகிறதா?" என்று கேட்டார்.

வருகிறது என்றேன்.